வடமாநிலத் தொழிலாளர் வருகையும் மளிகை வணிகர்களாகிய நாமும்

நம் கடைச் சரக்குச் சிட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு மதுரைக் கீழமாசி வீதியில் கடுகெண்ணெய் கேட்டு ஒருவர் வந்தால், மூட்டுவலிக்குத் தேய்க்கக் கேட்கிறார் என்று எண்ணி நாட்டு மருந்துக் கடைக்குக் கைகாட்டி விடுவோம். இன்று அதே கடுகெண்ணெய் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது. கோதுமை மாவு ஐந்து கிலோ, பத்துக் கிலோ பைகளில் போகிறது. மைசூர்ப் பருப்பு, சோயா உருண்டை, பொரி, வறுத்த கடலையை அரைத்த சத்து மாவு ஆகியவை கப்பலூர், பரவை, சுற்றுச்சாலைப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்களின் சிட்டையில் மேல்வரிசைக்கு வந்துவிட்டன. பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம் என்று வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து நம் ஊரில் உழைக்கும் தொழிலாளர்கள்தான் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இவர்களைப் பற்றி நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "இவர்கள் இல்லாவிட்டால் ஷட்டரைத் தூக்கவே ஆள் இல்லை" என்பது ஒன்று. "இவர்கள் வந்து நம் ஆட்களின் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள்" என்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், காலையில் கிட்டங்கியில் முதல் வாக்கியத்தைச் சொன்னவரே மாலையில் டீக்கடையில் இரண்டாவதைச் சொல்கிறார். இரண்டிலும் எவ்வளவு உண்மை, நம் வியாபாரத்துக்கு இதனால் வருவது என்ன, போவது என்ன என்று கணக்குப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எண்ணிக்கை. தமிழகத் தொழிலாளர் துறை 2015-ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த கணக்கெடுப்பில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10 லட்சத்து 67 ஆயிரம் பேர் என்று தெரியவந்தது. அதில் பெரும்பகுதி சென்னை, காஞ்சிபுரம், கோவை, திருப்பூர் வட்டாரங்கள். மதுரையின் பங்கு சிறியதுதான். 2011 முதல் 2016 வரை ஆண்டுக்குச் சராசரி 90 லட்சம் பேர் மாநிலம் விட்டு மாநிலம் போயிருப்பார்கள் என்று ரயில் பயணிகள் கணக்கைக் கொண்டு மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது. ஏன் வருகிறார்கள் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்குப்படி, கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் ஒருநாள் கூலி தமிழ்நாட்டில் சராசரி 500 ரூபாய். மத்தியப்பிரதேசத்தில் 280 ரூபாய்க்கும் கீழே. கேரளத்தில் 850-க்கும் மேலே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்குத் தமிழ்நாட்டில் 555 பேர், பீகாரில் 1,106 பேர். ஒரு காணி நிலத்தை நாலு அண்ணன் தம்பி பங்கு போட்டால் ஒருவர் மட்டுமாவது ரயில் ஏறித்தான் ஆகவேண்டும். விலை குறைந்த இடத்திலிருந்து விலை கூடிய இடத்துக்குச் சரக்கு நகர்வதை நித்தம் பார்க்கும் நமக்கு இது புதிதல்ல.

அவர்கள் வருவதற்கு அங்கே உள்ள காரணம் அது. இங்கே உள்ள காரணத்தையும் சொல்லவேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3. வீட்டுக்கு ஒன்று, இரண்டு என்று பெற்ற பிள்ளைகளை நாம் படிக்க வைத்தோம். 2021-22 கணக்கில் உயர்கல்விக்குப் போகும் வயதுடையவர்களில் தமிழ்நாட்டில் 47 விழுக்காடு சேர்ந்திருக்கிறார்கள். அகில இந்தியச் சராசரி 28 தான். நம் பிள்ளைகள் சோம்பேறிகளாகி விட்டார்கள் என்று பேசுவதை நாம் ஏற்கவில்லை. ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் சுமந்தவர், தம் மகன் அதைச் சுமக்கக் கூடாது என்றுதான் கட்டணம் கட்டிப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். அவர் எண்ணம் நிறைவேறியிருக்கிறது. அந்த மூட்டை மட்டும் அங்கேயே கிடக்கிறது.

இங்கே நம் தொழிலின் உள்விஷயம் ஒன்றைப் பேசியாக வேண்டும். மளிகைத் தொழிலில் ஆள் என்பது வெறும் கூலி ஆள் அல்ல. சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை, கமுதி, அருப்புக்கோட்டை என்று தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பதினாலு பதினைந்து வயதுப் பையன்கள் உறவுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு மதுரைக்கு வந்தார்கள். கடையிலேயே சாப்பாடு, மூட்டை மேலேயே படுக்கை. முதலில் பொட்டலம் மடிப்பது, பிறகு நிறுப்பது, பிறகு கல்லாப் பக்கம், கடைசியில் கொள்முதல். சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் முதலாளியின் பேரேட்டிலேயே அவன் பெயரில் வரவு வைப்பார்கள். எட்டுப் பத்து வருடம் கழித்து, அந்தத் தொகையைக் கொடுத்து, அதற்கு மேல் கடனுக்குச் சரக்கும் கொடுத்து, "கோரிப்பாளையத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, போய்ப் பார்" என்று முதலாளியே அனுப்பி வைப்பார். நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவரின் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் காலத்து வழக்கத்தில் குறைகளும் உண்டு; பதினாலு வயதுப் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டியவன் என்பதை இன்று யாரும் மறுக்க மாட்டோம். ஆனால் ஒரு மொத்த வியாபாரிக்கு அது ஆள் சேர்க்கும் ஏற்பாடு மட்டும் அல்ல, வாடிக்கையாளரை உருவாக்கும் ஏற்பாடும்கூட. யாருக்கு எவ்வளவு பற்றுக் கொடுக்கலாம் என்று நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவன் பத்து வருடம் நம் கண் முன்னால் நின்றவன் என்பதுதான்.

இப்போது கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர் கட்டிஹாரிலிருந்தோ கந்தமாலிலிருந்தோ வந்தவர். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு நம் ஏணியில் மேல்படி இல்லை. மூன்று வருடம் உழைப்பார், போவார். அவர் தம்பி வருவார். பழைய பையன் போனதால் நமக்கு ஏற்பட்ட காலி இடம் இரண்டு. ஒன்றை இவர் நிரப்பிவிட்டார். மற்றொன்று, அதாவது நாளைக்குப் புதுக்கடை போட்டு நம்மிடம் சரக்கு எடுக்கப் போகிற ஆளின் இடம், காலியாகவே இருக்கிறது. கீழமாசி வீதியில் புதிய சில்லறைக் கணக்குகள் குறைந்து வருவதற்குப் பெரிய அங்காடிகளை மட்டும் குற்றம் சொல்கிறோம். இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

கூலி விஷயத்துக்கு வருவோம். இவர்கள் வந்ததால் நம் ஆட்களின் கூலி இறங்கிவிட்டதா? மதுரையில் நாம் பார்த்தவரை, கொத்தனார் கூலி இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. வடமாநில ஆட்கள் குழுவாக வந்த பிறகு உள்ளூர்க் கொத்தனார்கள் பலர் மேஸ்திரிகளாகி, நாலு வேலையை ஒரே நேரத்தில் எடுத்து நடத்துகிறார்கள். பரோட்டா மாஸ்டருக்கும் அப்படித்தான். ஆனால் இந்தக் கணக்கில் நஷ்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காலை பஸ்ஸில் வந்து ஆள் கூடும் இடத்தில் நிற்கும் ஐம்பது வயது தாண்டிய நிமிந்தாளும், சித்தாள் வேலைக்கு வரும் பெண்களும்தான் அவர்கள். ஒப்பந்தக்காரருக்குப் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் தங்கி வேலை செய்யும் இளைஞர் குழு கிடைக்கும்போது, ஐந்து மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டிய அம்மாளை அவர் ஏன் கூப்பிடப் போகிறார்? ஊர் முழுவதற்கும் லாபம் என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த அம்மாள் கணக்கில் விட்டுப் போகிறார். அவரும் நம் கடையில் மாதச் சிட்டை வைத்திருந்தவர்தான்.

வெளிநாடுகளில் இதே வழக்கு நூறு வருடமாக நடக்கிறது. அமெரிக்காவுக்குப் பக்கத்து நாடு மெக்சிகோ. போர்க்காலத்தில் ஆள் போதாமல் 1942-ல் அமெரிக்கா மெக்சிகோவோடு ஒப்பந்தம் செய்து, பண்ணை வேலைக்கு ஆட்களைத் தவணை முறையில் வரவழைத்தது. 1964 வரை அது நடந்தது. மொத்தம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலை ஒப்பந்தங்கள். இவர்களால் நம் ஆட்களின் கூலி குறைகிறது என்று சொல்லி அந்த ஏற்பாட்டை நிறுத்தினார்கள். கூலி ஏறியதா? பின்னாளில் கணக்குகளைத் துருவிப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், எதிர்பார்த்தபடி ஏறவில்லை என்று கண்டார்கள். கலிபோர்னியாப் பண்ணையார்கள் தக்காளி பறிக்க எந்திரம் வாங்கினார்கள். எந்திரத்தில் அடிபட்டால் நசுங்காத தக்காளி ரகத்தையே உருவாக்கிக் கொண்டார்கள். எந்திரத்துக்கு வசப்படாத பயிர்களைக் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு.

1980-ல் கியூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 1,25,000 பேர் படகுகளில் வந்து பெரும்பாலும் மியாமி நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். டேவிட் கார்ட் என்ற அறிஞர் அதை ஆராய்ந்து, உள்ளூர்க்காரர் கூலியில் குறிப்பிடத்தக்க வீழ்ச்சி இல்லை என்று 1990-ல் எழுதினார். அவருக்கு 2021-ல் நோபல் பரிசும் கிடைத்தது. வந்தவர்கள் வேலைக்குப் போட்டியிட்டது மட்டுமின்றி, சாப்பிட்டார்கள், உடுத்தினார்கள், வாடகை கொடுத்தார்கள், அதனால் வேலையும் கூடியது என்பது ஒரு விளக்கம். இல்லை, பள்ளிப் படிப்பை முடிக்காத உள்ளூர் ஆண்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் அவர்களுக்குப் பெரிய அடி விழுந்திருக்கிறது என்று போர்ஹாஸ் என்ற மற்றொரு அறிஞர் மறுத்தார். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. நம் ஊர் நிமிந்தாளை நினைத்தால் இரண்டு பேரும் சொல்வதில் பொருள் இருப்பதாகவே நமக்குப் படுகிறது.

இன்னொரு செய்தியும் அங்கிருந்து கிடைக்கிறது. பழைய நாளில் மெக்சிகோ ஆட்கள் அறுவடைக்கு வந்து, காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து எல்லைக் காவலை இறுக்க இறுக்க, ஒருமுறை போனால் திரும்ப வருவது கடினம் என்று பயந்து, வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். மனைவி மக்களையும் வரவழைத்துக் கொண்டார்கள். வராதே என்று போட்ட வேலி, போகாதே என்று ஆகிவிட்டது.

இனி பணம். "சம்பாதிப்பது இங்கே, அனுப்புவது அங்கே, நமக்கு என்ன லாபம்?" என்று கேட்கிறார்கள். நமக்குத் தெரிந்த கிட்டங்கி ஆள் ஒருவர் ஒரு மாதக் கணக்கைச் சொன்னார். சம்பளமும் மேல்வேலையும் சேர்ந்து 18,000 ரூபாய். வீட்டுக்கு 11,000. அறை வாடகையில் அவர் பங்கு 1,200. கைபேசிக்கு 350. சாப்பாட்டுச் சாமான், காய்கறி, முட்டை, கோழி எல்லாம் 3,500. மீதி 1,950-ல் டீ, துணி, ரயில் கட்டணத்துக்குச் சேமிப்பு. இப்படிப் பத்துப் பேர் ஒரு வீட்டில் இருந்தால் மாதம் 35,000 ரூபாய்க்குச் சாப்பாட்டுச் சாமான். அதில் பாதி மளிகைக் கடைக்கு வந்தாலும் 17,500. பற்று நோட்டு இல்லை, வாராக்கடன் இல்லை, கைபேசியிலேயே காசு வந்துவிடுகிறது. இத்தனை நல்ல வாடிக்கையைத் தெருவில் வேறு யார் தருகிறார்கள் என்று கப்பலூர் நண்பர் ஒருவர் கேட்டார். போகிற 11,000-மும் கிணற்றில் விழுந்த பணம் அல்ல. அது அங்கே செங்கலாகிறது, பள்ளிக்கூடக் கட்டணமாகிறது, திருப்பூர் பனியனாகவும் சிவகாசித் தீப்பெட்டியாகவும் கொஞ்சம் இங்கேயே திரும்பி வருகிறது. மெக்சிகோவுக்கு இப்படி வெளியிலிருந்து 2023-ல் போன பணம் 6,000 கோடி டாலருக்கும் மேல்.

வெளியே போய்ச் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பிய பணத்தில்தான் நம் தெற்கத்திச் சீமையும் வாழ்ந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஏழை மக்களைக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனதால்தான் இலங்கை மலைநாட்டில் காப்பியும் பிறகு தேயிலையும் விளைந்தன. அவர்கள் பின்னாலேயே நம்மவர் அரிசியும் மிளகாயும் கொண்டு போனார்கள். நூறு வருடத்துக்கு மேல் உழைத்த அந்த மக்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக ஆக்கியது 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவாயிற்று. மண்டபம் முகாமில் வந்து இறங்கிய அவர்களுக்கு இங்கேயும் "சிலோன்காரர்" என்றுதான் பெயர்.

பர்மாவின் கதை வணிகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. நம் நகரத்தார் பெருமக்கள் கொடுத்த கடனில்தான் ஐராவதி டெல்டா உலகத்துக்கே நெல் கொடுத்தது. 1930-களில் நெல் விலை விழுந்தபோது கடன்பட்டவர் நிலங்கள் கைமாறின. 1938-க்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் செட்டியார் வட்டிக்கடைகளிடம் வந்து சேர்ந்தது. அவர்கள் விரும்பி வாங்கியது அல்ல. பணத்துக்குப் பதில் மண் வந்தது. ஆனால் உழுதவன் கண்ணில் அது அப்படித் தெரியவில்லை. 1930-ல் ரங்கூன் துறைமுகத்தில் பர்மியக் கூலிகளும் நம் ஆந்திரக் கூலிகளும் வேலைக்காக மோதிக்கொண்டதில் பலர் உயிர் போயிற்று. 1942-ல் சண்டைக்குப் பயந்து சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுப் புறப்பட்டார்கள். காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் ஏராளம். 1964-ல் ராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் கட்டிய துணியோடு கப்பல் ஏறினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தவர்கள் போட்ட கடைகள்தான்.

இன்றைக்கும் நம்மவர் போகிறார்கள். 2015-ல் எடுத்த கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலிருந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் சுமார் 22 லட்சம். வெளிநாடு வேண்டாம், வடநாட்டையே பாருங்கள். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துப் பிள்ளைகளை முன்பணம் கொடுத்து முறுக்குக் கம்பெனிக்கு என்று மகாராஷ்டிரம், குஜராத் வரை கூட்டிப்போய், அடுப்படியில் பதினாறு மணி நேரம் நிறுத்தி வைத்த கதைகள் நம் மாவட்டத்துக்குப் புதியவை அல்ல. மீட்டுக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் பலர். அங்கே நம் பிள்ளைக்கு நடந்தது அநியாயம் என்றால், இங்கே ஒரு தரகர் பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பதினெட்டு என்று சொல்லிக் கொண்டுவந்து நிறுத்தும்போது நாம் ஆதார் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் இருப்பதும் அதே அநியாயம்தான்.

வந்தவர்கள் ஊரோடு ஒட்டமாட்டார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். மதுரையில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. சௌராஷ்டிர மக்கள் நாயக்கர் காலத்தில் பட்டு நெய்ய வந்து இங்கே வேரூன்றியவர்கள். வீட்டில் இன்றும் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். மதுரைச் சுங்குடி அவர்கள் கைவண்ணம். மதுரை காந்தி என்று பெயர் பெற்று, 1939 மீனாட்சி அம்மன் கோயில் நுழைவுப் போராட்டத்தில் வைத்தியநாத ஐயரோடு நின்ற என்.எம்.ஆர். சுப்பராமன் அந்தச் சமூகத்தவர். தமிழ் உச்சரிப்புக்கே இலக்கணமாக நாம் கேட்டு வளர்ந்த டி.எம். சௌந்தரராஜனும் அப்படியே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் குடும்பத்தோடு, தறியோடு, கைத்தொழிலோடு வந்தார்கள். இருக்க இடமும் கொள்ள ஆளும் கிடைத்தன. இன்று வருகிறவர் தனி ஆளாக, ஒப்பந்தக்காரர் சொல்லும் இடத்தில், பத்துப் பேரில் ஒருவராகப் படுக்கிறார். பள்ளிக்கூடம், கோயில், கல்யாணம் என்று ஒட்டுவதற்கு வழி எங்கே இருக்கிறது?

ஒட்டாமல் இருப்பதன் ஆபத்து என்ன என்பதை இரண்டு முறை பார்த்தோம். 2020 மார்ச் 25-ல் நாடு பூட்டப்பட்டது. வேலை இல்லை, வாடகை கேட்கிறார்கள், ஊருக்குப் போக வண்டி இல்லை. மே 1 முதல் விட்ட சிறப்பு ரயில்கள் 4,600-க்கும் மேல். அவற்றில் நாடு முழுவதும் போனவர்கள் சுமார் 63 லட்சம். பலர் நடந்தே போனார்கள். அந்த வாரங்களில் நம் சங்கத்து அன்பர்கள் பலர் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த கடைகளுக்கு ஆட்கள் முதலில் திரும்பி வந்தார்கள் என்பதையும் நாம் பார்த்தோம்.

இரண்டாவது 2023 மார்ச். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று கைபேசிகளில் காணொளிகள் பறந்தன. வேறு ஊரில், வேறு காரணத்துக்கு நடந்த சண்டைகளை வெட்டி ஒட்டியவை அவை. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி விசாரித்தது. தமிழகக் காவல்துறை பொய் பரப்பியவர்கள் மேல் வழக்குப் போட்டது. ஆனால் ரயில் நிலையங்களில் கூட்டம் கூடிவிட்டது. ஹோலிக்குப் போகிறோம் என்றார்கள் சிலர். பயந்து போகிறோம் என்றார்கள் சிலர். எங்கள் கிட்டங்கியில் மூன்று பேருக்கு வீட்டிலிருந்து ஓயாமல் அழைப்பு. ஒருவரின் தாயாரோடு படம் தெரியும் அழைப்பில் நாங்களே பேசினோம். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது. மகனை நிறுத்தி, கடையைச் சுற்றிக் காட்டி, சாப்பிட்டுக் கொண்டிருந்த மற்ற ஆட்களைக் காட்டினோம். அந்தப் பையன், "அண்ணாச்சி பக்கத்துல இருக்காரும்மா" என்பதைத் தன் மொழியில் சொன்னான். 'அண்ணாச்சி' மட்டும் நமக்குப் புரிந்தது. இருவர் இருந்தார்கள், ஒருவர் போய்விட்டார். அந்த மாதம் மாட்டுத்தாவணிப் பக்கம் லாரி இறக்க ஆள் இல்லாமல் சரக்கு தேங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஒரு பொய்க் காணொளியின் விலை அது.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களுக்கென்று 1979-ல் தனிச் சட்டம் இயற்றினார்கள். ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க வேண்டும், ஊர் போய்வரப் பயணப்படி தரவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எழுத்தில் இருந்த அளவு நடப்பில் இல்லை. 2020-ல் இயற்றிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இது அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் வராமல் தாமாகவே வந்து வேலைக்குச் சேர்ந்தவரையும் இது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பத்துப் பேருக்குக் கீழே வைத்திருக்கும் சிறு கடைகளுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாமல் போகலாம். ஆனாலும் பெயர், சொந்த ஊர் விலாசம், ஆதார் நகல், வீட்டார் ஒருவரின் தொலைபேசி எண் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆள் மாடியிலிருந்து விழுந்துவிட்டால் யாருக்குச் சொல்வது என்று தெரியாமல் விழித்த கடைகள் உண்டு. 2021 ஆகஸ்டில் நத்தம் சாலை மேம்பால வேலையில் பாலத்தின் பகுதி விழுந்து உத்தரப்பிரதேசத் தொழிலாளி ஒருவர் இறந்தார். 2023 ஏப்ரலில் திறந்த அந்த ஏழு கிலோமீட்டர்ப் பாலத்தில்தான் நம் சரக்கு வண்டிகள் இன்று ஓடுகின்றன. சம்பளத்தைத் தரகர் கையில் கொடுக்காமல் ஆளின் வங்கிக் கணக்கில் போடுவது இருவருக்கும் நல்லது. நமக்குத் தெரிந்த ஒரு தரகர், ஆறு பேரின் இரண்டு மாதச் சம்பளத்தோடு மறைந்துவிட்டார். அவர்கள் வந்து நின்றது தரகர் வீட்டு வாசலில் அல்ல, கடை வாசலில்.

சில்லறைக் கடைக்காரர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 'பாவ்' என்றால் கால் கிலோ, 'ஆதா' அரை, 'டேட்' ஒன்றரை, 'டாயி' இரண்டரை. இந்த நாலு சொல்லைக் கடைப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தால் பாதிச் சச்சரவு குறையும். மார்ச்சில் ஹோலிக்கும், தீபாவளி முடிந்த ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கும், அவரவர் மாநிலத் தேர்தலுக்கும் கூட்டமாக ஊர் போவார்கள். கடுகெண்ணெயையும் ஆட்டாவையும் அதற்கு இரண்டு வாரம் முன்பே குறைத்து வாங்குங்கள். ஆட்டா வண்டு பிடித்தால் திருப்பி எடுக்க மாட்டார்கள். புகையிலைப் பொட்டலம் கேட்பவர்களுக்குக் கண்டிப்பாக இல்லை என்று சொல்லிவிடுங்கள். குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. பத்து ரூபாய் லாபத்துக்குக் கடைக்குச் சீல் வைக்க விடவேண்டாம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' நடைமுறையில் இருந்தாலும், நாம் கேட்டவரை அவர்களில் பெரும்பாலோரின் அட்டை ஊரில் குடும்பத்துக்கே உதவுகிறது. இங்கே அரிசியைக் கடையில்தான் வாங்குகிறார்கள்.

வடநாட்டு வியாபாரிகள் வந்து மொத்தச் சந்தையைப் பிடிக்கிறார்கள் என்ற குறையையும் இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலோடு வருகிறவரும் முதுகோடு வருகிறவரும் ஒன்றல்ல. அது வேறு வழக்கு. அதைத் தனியே எழுத வேண்டும்.

நாம் முன்னே சொன்ன காலி இடத்துக்கு வருகிறோம். எங்களிடம் ஐந்து வருடம் வேலை பார்த்த பீகார்க்காரர் ஒருவர், கப்பலூர்ப் பக்கம் ஆட்கள் தங்கும் இடத்தில் பானிபூரி வண்டி போட்டார்; மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தார்கள்; பிள்ளை அங்கேயே அரசுப் பள்ளியில் படிக்கிறது. பிறகு வண்டிக்குப் பின்னால் ஆறடி இடத்தை வாடகைக்கு எடுத்து ஆட்டா, எண்ணெய், பருப்பு வைக்க வேண்டும், பற்றுக்குச் சரக்கு தருவீர்களா என்று கேட்டு வந்தார். கணக்குப்பிள்ளை வேண்டாம் என்றார். ஊரில் நிலபுலம் தெரியாது, ஜாமீனுக்கு உறவு இல்லை, ரயில் ஏறிவிட்டால் எங்கே தேடுவது என்பது அவர் வாதம். தவறான வாதமும் அல்ல. அந்தக் காலத்தில் திசையன்விளைப் பையனுக்குக் கொடுத்தபோது அவன் மாமா நமக்குத் தெரிந்தவர். இவருக்கு அப்படி யாரும் இல்லை. ஐந்து வருடம் நம் சாவியை வைத்திருந்தவர் என்பது மட்டும் உண்டு. பாதி ரொக்கம், பாதி பற்று, பற்றுக்கு எட்டு நாள் தவணை, மொத்தம் 20,000-க்கு மேல் நிலுவை போகக் கூடாது என்று பேசி முடித்தோம். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குள் கைபேசியில் பணம் வந்துவிடுகிறது. போன சட் பூஜைக்கு ஊருக்குப் போவதற்கு முதல் நாள் வந்து நிலுவையைத் தீர்த்து, பேரேட்டில் தன் பெயருக்கு நேரே பூஜ்யம் எழுதச் சொல்லி நின்று பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வந்த பிறகு வரம்பை 30,000 ஆக்கியிருக்கிறோம்.